பிளக் மாத்துன பொறவு ஆடி டிடி மிஸ்ஸிங் அடிக்குது: ஐடில்ல நடுக்கம், மேட்டுல ஜெர்க்

#1 நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. வண்டி ஆடி டிடி, 2012 மாடல், 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ, 211 குதிரைசக்தி. செகண்ட் ஹேண்டா வாங்குனது. 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. ஸ்பார்க் பிளக் (பொறி விட்டு பெட்ரோலப் பத்த வெக்கறது) கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு பழைய பில்லுல எதுவும் இல்லைங்க. அதனால நாலையும் மாத்திரலாம்னு கோயமுத்தூர்ல ஒரு பட்டறைல விட்டேன். விடற அன்னைக்கு வண்டில ஒரு குறையும் கெடையாது.

எடுத்துட்டு வரும்போதே சிக்னல்ல நின்னா, ஐடில்ல (வண்டி நின்னு என்ஜின் மட்டும் ஓடறப்ப) சீட்டு வரைக்கும் நடுங்குது. அவிநாசி ரோட்டு ஜி.டி. நாயுடு மேம்பாலத்துல உப்பிலிபாளையத்துல ஏறி, மூணாவது கியர்ல சித்தெ அழுத்துனேன். 2,800 ஆர்பிஎம் தாண்டுனதும் டக்கு டக்குன்னு வெட்டுது. செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பிச்சுருச்சு. காலை எடுத்தா வெட்டு நின்னுருது, லைட் மட்டும் நெலையா எரியுது.

பட்டறைக்குப் போன் போட்டா, "புது பிளக்குங்க, செட் ஆகோணும், ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. சிநேகிதர் ஒருத்தரோட ஸ்கேனர்ல பாத்தப்ப வந்த ஃபால்ட் கோடு: பி0300 (மிஸ்ஸிங், அதாவது மிஸ்ஃபயர்: சிலிண்டர்ல பெட்ரோல் எரியாமத் தவறுது), பி0302 (ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங்), பி2187. அழிச்சுட்டு ஓட்டுனா வீடு வர்றதுக்குள்ள மூணும் திரும்ப வந்துருச்சு.

குடும்பத்தோட வால்பாறை போறதா இருக்குது. ஆழியாறு தாண்டி 40 ஊசி வளைவு. இந்த வண்டிய நம்பி ஏத்த முடியுமாங்க? எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கறது?

#2 கரூர்_ஆக்சில்

காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் குடுக்கறது) போயிருச்சுங்க. டர்போ வண்டில பிளக் மாத்தறப்ப பழைய காயில இழுத்தாலே போச்சு, வெப்பத்துல வெந்து கெடக்கற பிளாஸ்டிக் விண்டுரும். நாலு காயிலும் ஒட்டுக்கா மாத்திட்டு வேலையப் பாருங்க. ஒண்ணொண்ணா மாத்துனா ஒவ்வொரு தடவையும் கூலி குடுக்கோணும்.

#3 நாமக்கல்_பாடிபில்டர்

எனக்கென்னமோ பெட்ரோல் மேல தாங்க சந்தேகம். இப்ப எல்லா பங்க்லயும் இ20 (20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான். 2012 வண்டி அதுக்குன்னு செஞ்சது இல்லை. எத்தனால் கலந்தா கலவை லீன் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) ஆகுது, லீன் ஆனா மிஸ்ஸிங் வரும். பி2187ங்கறதே ஐடில்ல லீன்னு சொல்ற கோடு தானே? பேட்டரி டெர்மினலக் கழட்டி அரை மணி நேரம் வெச்சு மாட்டிப் பாருங்க, ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) புதுசாக் கத்துக்கும்.

#4 பீளமேட்டு_பிட்டர்

நொய்யல்கரை தம்பி, மொதல்ல வண்டிய ஓட்டறத நிறுத்துங்க. பிளக்குக்குச் செட் ஆகற வேலையே கெடையாது. மாட்டுன மொத ஸ்டார்ட்டுலயே செரியாப் பொறி விடோணும். செக் என்ஜின் லைட் நெலையா எரிஞ்சா நேரம் பாத்து காட்டுங்கன்னு அர்த்தம். விட்டு விட்டு எரிஞ்சா உடனே காலை எடுங்கன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே புகைப்போக்கிப் பக்கம் போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும். உள்ள இருக்கற பீங்கான் அந்தச் சூட்டுல உருகி அடைச்சுக்கும். 200 கிலோமீட்டர் அப்படி ஓட்டுனீங்கன்னா பிளக் வேலை கன்வெர்ட்டர் வேலையா மாறிரும். அதோட வெலைய விசாரிச்சுப் பாருங்க, பொறவு பட்டறைக்காரர் சொன்னது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியும்.

அடுத்தது. நீங்க எழுதுனதப் படிச்சா எனக்கு ஒரு நோவு தெரியல, ரெண்டு தெரியுது. ஐடில்ல நடுக்கம் ஒண்ணு. அழுத்துனா வெட்டறது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே நாள்ல வந்ததால ஒண்ணுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க.

ஐடில்ல திராட்டில் (காத்த உள்ள விடற கதவு) கிட்டத்தட்ட மூடி இருக்கும். சிலிண்டருக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள நல்ல வெற்றிடம். அப்ப ஏதாவது ஒரு ஹோஸ் கழண்டோ வெடிச்சோ இருந்தா, சென்சார் கணக்குல வராத காத்து உள்ள போகுது. போற மொத்தக் காத்தே கொஞ்சம்ங்கறதால அந்தக் கள்ளக் காத்து பெரிய பங்கு. கலவை லீன் ஆகி நடுங்கும். அழுத்துனா திராட்டில் தொறந்து காத்து மொத்தமா வரும், கள்ளக் காத்து அதுல தெரியாமப் போயிரும். சாத்துன வீட்டுல ஜன்னல் இடுக்குல வர்ற காத்து மேல உறைக்கும். வாசக் கதவையே தொறந்து விட்டா யாரு அதக் கண்டுக்கறாங்க?

அழுத்துனா வெட்டறது இதுக்கு நேர் எதிர். அது பொறி சம்பந்தப்பட்டது.

ஸ்கேனர்ல ரெண்டு விசயம் எடுத்துப் போடுங்க. ஒண்ணு, ஒவ்வொரு கோடும் பதிவானப்ப என்ஜின் எந்த ஆர்பிஎம், எவ்வளவு லோடுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்ல இருக்கும். ரெண்டாவது, ஃபியூயல் டிரிம் (ஈசியூ பெட்ரோலக் கூட்டிக் கொறைக்கற சதம்): ஐடில்ல எவ்வளவு, 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சு வெச்சா எவ்வளவு. நின்ன எடத்துலயே எடுக்கலாம், ரோட்டுக்குப் போக வேண்டாம். அது வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் ஒரு பார்ட்டும் வாங்காதீங்க.

இ20 பத்தி: நாமக்கல் தம்பி, நீங்க சொல்ற லீன் கணக்குல நாயம் இருக்குது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா இ20க்கு சுமார் 13.5 தான் வேணும். ஆனா ஆக்சிஜன் சென்சார் அதப் பாத்து, பெட்ரோல் பீச்சற ஊசி தொறக்கற நேரத்தக் கூட்டிக்கும். அதவிட, முந்தின நாள் வரைக்கும் அதே பெட்ரோல்ல தானே வண்டி நல்லா ஓடுச்சு? பெட்ரோல் மாறல. பிளக் மாறுச்சு. கை பட்ட எடத்தத் தான் மொதல்ல பாக்கோணும்.

பேட்டரியக் கழட்டாதீங்க. இருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேமும் டிரிம் கணக்கும் அழிஞ்சுரலாம், திராட்டில் அடாப்டேஷனும் (ஈசியூ கத்து வெச்ச அளவு) போனா அதுக்கு வேற ஐடில் ஏறி எறங்கும். தடயத்த நாமளே அழிச்ச மாதிரி ஆயிரும்.

#5 வால்வு_சத்தம் (சிங்காநல்லூர்)

பிட்டர் ஐயா சொன்னதன் இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் விளக்கம் சேர்க்கிறேன். கல்லூரியில் ஃபார்முலா பாரத் (மாணவர்கள் ரேஸ் கார் செய்யும் போட்டி) அணியில் என்ஜின் பக்கம் வேலை செய்தவள் நான். இதே பிரச்சினையைச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் வெயிலில் நின்று பார்த்திருக்கிறோம்.

பிளக்கின் இடைவெளியில் பொறி தாவ வேண்டுமென்றால் அங்கே இருக்கும் வாயுவை மின்னழுத்தம் உடைக்க வேண்டும். வாயு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிக வோல்ட் தேவை. ஐடிலில் சிலிண்டருக்குள் வரும் காற்றே குறைவு, அதனால் பத்தாயிரம் வோல்ட் அளவிலேயே காரியம் முடிந்துவிடும். டர்போ பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று) ஏறி, பிஸ்டன் மேலே வந்து அமுக்கும்போது தேவை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. காயில் அந்த வோல்டைக் கொடுக்கும். ஆனால் மின்சாரம் சுலபமான வழியைத் தேடும். காயில் ரப்பரில் ஒரு பொத்தல், பீங்கானில் ஒரு விரிசல் இருந்தால் சிலிண்டருக்கு வெளியே அந்த வழியாகவே எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடும். உள்ளே பொறி இல்லை. அதனால்தான் சமதரையில் மெதுவாகப் போகும்போது தெரியாதது மேட்டில் தெரிகிறது.

ஆகவே உங்கள் ஜெர்க்குக்குக் காரணம் காயில், பிளக், அல்லது இரண்டின் ரப்பர் இணைப்பு. மூன்றில் எது என்று காசு செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

#6 நொய்யல்கரை

எடுத்துட்டனுங்க.

பி0302 பதிவானப்ப: 2,910 ஆர்பிஎம், லோடு 84 சதம், கூலன்ட் 91 டிகிரி.
பி2187 பதிவானப்ப: 740 ஆர்பிஎம், வண்டி நின்ன நெலை.
டிரிம்: ஐடில்ல கூட்டல் 19 சதம். 2,500ல பிடிச்சா கூட்டல் 4 சதம்.

பிட்டர் ஐயா சொன்னாப்பலயே ரெண்டும் வேற வேற நேரத்துல வந்துருக்குது. இத மொதல்லயே பாக்கோணும்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க. வண்டிய வாசல்ல நிறுத்தி வெச்சுட்டேன், ஆபீசுக்கு ஸ்கூட்டர் தான்.

#7 கரூர்_ஆக்சில்

ரெண்டாவது சிலிண்டர்ங்கறது உறுதியாத் தெரியோணும்னா பழைய முறை ஒண்ணு இருக்குது. அம்பாசிடர்ல பண்ணுவோம்: வண்டி ஓடறப்பவே பிளக் ஒயர ஒண்ணொண்ணா உருவிப் பாக்கறது. எத உருவுனா சத்தம் மாறலையோ அது செத்த சிலிண்டர்.

#8 பீளமேட்டு_பிட்டர்

அம்பாசிடர்ல நானும் பண்ணுனவன் தான். அது ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், நீள ஒயர் இருந்த காலம். இந்த வண்டில ஒவ்வொரு பிளக் தலை மேலயும் தனித் தனிக் காயில். ஓடறப்ப காயில உருவுனா பொறிக்குப் போக எடமில்லாம காயிலுக்குள்ளயே தாவும், நல்லா இருக்கறதும் கெட்டுரும். கை பட்டா ஆளுக்கும் ஆபத்து. அதெல்லாம் வேண்டாம். ஸ்கேனர்லயே சிலிண்டர் வாரியா மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஓடும், அது போதும்.

தம்பி, இப்படிப் பண்ணுங்க. வெடியால, என்ஜின் ஆறிக் கெடக்கறப்ப. சாவியக் கழட்டி வெச்சுருங்க. சிலிண்டர டைமிங் செயின் பக்கத்துலருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணோணும். ரெண்டாவது காயிலயும் மூணாவது காயிலயும் எடம் மாத்துங்க. கனெக்டர் பூட்ட அமுக்கி விட்டு நேரா இழுக்கோணும், ஆட்டி ஆட்டி இழுத்தா அந்தப் பூட்டு ஒடிஞ்சுரும். ஒடிஞ்சா கனெக்டர் மாட்டுன மாதிரியே தெரியும், குலுங்குனா கழண்டுக்கும். அதுவே ஒரு மிஸ்ஸிங்குக்குக் காரணம், அதையும் பாத்துக்குங்க. காயில உக்கார வெக்கறப்ப அடி வரைக்கும் அமுத்துங்க, கிளிக்குனு கையில தெரியும்.

அப்பறம் கோட அழிச்சுட்டு, வீட்டுப் பக்கம் ஒரே ஒரு மேடு பாத்து சித்தெ அழுத்திட்டு உடனே திரும்பிருங்க. மிஸ்ஸிங் மூணுக்குப் போனா காயில். ரெண்டுலயே நின்னா பிளக், இல்லாட்டி அதுக்கும் கீழ.

#9 நொய்யல்கரை

மாத்திப் பாத்துட்டேன். கொழப்பம் தாங்க மிச்சம். ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர் அப்படியே இருக்குது. அதோட மூணாவதுலயும் அங்கொண்ணு இங்கொண்ணா எண்ணிக்கை ஏறுது! முன்னால மூணு சுத்தமா பூஜ்யம். கனெக்டர் நாலும் நல்லாப் பூட்டியிருக்குது, இழுத்துப் பாத்தேன்.

#10 கரூர்_ஆக்சில்

மூணுக்கும் போயிருச்சுன்னா காயில் தானேங்க?

#11 ஈரோட்டு_ஸ்பேர்ஸ்

இடைல வர்றதுக்கு மன்னிக்கோணும். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சுருக்கறவன், பிளக்குலயும் டூப்ளிகேட் நெறைய நடமாடுது. பட்டறைக்காரங்களே தெரியாம ஏமாந்து வாங்கறதும் உண்டு. நீங்க கழட்டும்போது இதயும் பாத்துருங்க.

அசல் பிளக்குல ஸ்பேனர் பிடிக்கற ஆறு பட்டை மேல லாட் எண் சுத்தமாக் குத்தியிருக்கும். சீட்டு வாஷரச் சுத்துனா சுத்தும், ஆனா சுலபமா மரை வழியாக் கழண்டு வராது. டூப்ளிகேட்டுல வாஷர் கையோட வந்துரும். நடு எலக்ட்ரோடு நட்ட நடுவுல இருக்கோணும். ஐரிடியம்னு டப்பால போட்டுருந்தா நுனி ஊசியாட்டம் அரை மில்லிமீட்டர் கிட்டத் தான் இருக்கும். பீங்கான் மேல எழுத்து வழிஞ்சோ மங்கியோ இருந்தா நம்பாதீங்க. இடைவெளி உங்க என்ஜினுக்கு 0.8 மில்லிமீட்டர் கிட்ட. நாலும் ஒரே அளவா இருக்கோணும். கீழ போட்டு எடுத்து மாட்டுன பிளக்குல இடைவெளி மூடிக் கெடக்கும்.

அளக்கறதுக்கு ஒயர் கேஜ் வெச்சுக்குங்க. காசு மாதிரி வட்டமா இருக்கற சாய்வு கேஜ நடு எலக்ட்ரோடு மேல முட்டுக் குடுத்து நெம்புனா அந்த நுனி ஒடிஞ்சுரும்.

#12 வால்வு_சத்தம்

நொய்யல்கரை அண்ணா, மூன்றில் லேசாக ஏறுவது எனக்குக் குழப்பமாக இல்லை, ஒரு வரிசையைக் காட்டுகிறது. இரண்டாவது பிளக்கின் பீங்கானில் விரிசல் இருந்தால், பொறி அந்த விரிசல் வழியாக வெளியே தாவியிருக்கும். தாவும்போதெல்லாம் காயில் ரப்பரின் உட்பக்கத்தைச் சுட்டுக் கரிக்கோடு போட்டிருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இப்போது அந்தக் காயிலை மூன்றுக்கு மாற்றியதும், நல்ல பிளக் மேலேயே அந்தக் கரிக்கோடு வழியாகச் சில பொறிகள் தவறுகின்றன. விரிசல் விட்ட பிளக் இரண்டிலேயே இருப்பதால் அங்கே மிஸ்ஃபயர் குறையவில்லை.

அப்படியானால் இன்னொரு அவசரமும் இருக்கிறது. நல்ல காயில் இப்போது விரிசல் பிளக் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சுட்டுவிடும். ஸ்டார்ட் செய்யாமல் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்.

பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பீங்கானின் அடியில், இரும்பு உடம்பை ஒட்டி, காபி நிறத்தில் ஒரு வளையம் தெரியலாம். நிறையப் பேர் அதைப் பார்த்து வாயு கசிகிறது என்று பிளக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். அது கொரோனா கறை. உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வருவது, தீங்கு இல்லை. நீங்கள் தேட வேண்டியது வளையம் இல்லை, கோடு. மேல் முனையிலிருந்து ஆறு பட்டை வரை நெட்டுக்குத்தாக ஓடும் சாம்பல் அல்லது கறுப்புக் கோடு.

#13 நொய்யல்கரை

நாலையும் கழட்டி வரிசையா துணி மேல வெச்சுருக்கறேன்.

ஒண்ணும் மூணும் சுத்தம். லாட் எண் இருக்குது, வாஷர் கழண்டு வரல, இடைவெளி 0.8. பிளக் அசல் தானுங்க.

ரெண்டாவது: அம்மணி சொன்ன கோடு இருக்குது. பென்சில்ல கிழிச்ச அளவுக்கு சன்னம், மேலருந்து ஆறு பட்டை வரைக்கும். விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, பட்டைக்கு ஒட்டி பீங்கான்ல பாதி வட்டத்துக்கு மயிரிழை விரிசல். நகத்துல ஒரசுனா தட்டுப்படுது. மொதல்ல அது மேல இருந்த காயில் ரப்பர டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ளார அதே எடத்துல கரிக்கோடு. மூணாவது காயில் ரப்பர் சுத்தமா இருக்குது, தப்பிச்சேன்.

இன்னொண்ணு. நாலாவது பிளக் கழட்டும்போது பலமே போடலைங்க. ஸ்பேனர் வெச்சதும் சுத்துச்சு. மரைல கரி படிஞ்சு கறுப்பா இருக்குது. மத்த மூணும் நல்ல டைட்டு.

#14 பீளமேட்டு_பிட்டர்

அம்மணி சொன்னது அப்படியே வந்துருக்குது.

விரிசல் ஏன் விட்டுதுன்னா, ஸ்பேனர் சாஞ்சு நின்னுருக்குது. இந்த என்ஜின்ல பிளக் ஆழக் குழில உக்காந்துருக்கும். உள்ள ரப்பரோ காந்தமோ வெச்ச 16 எம்எம் பிளக் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், நேரா நிக்கோணும். ராட்செட்டப் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டுனா அந்த விசை பீங்கான் மேல தான் எறங்கும். வெளிய கழட்டுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நாலாவது லூசா இருந்தது சின்ன விசயமில்லைங்க. பிளக் தன் சூட்ட சீட்டு வழியாத் தான் சிலிண்டர் ஹெட்டுக்கு எறக்குது. சீட்டு பதியலைன்னா நுனி பழுத்துப் போகும், டர்போ வண்டில அது பொறிக்கு முன்னாலயே கலவையப் பத்த வெக்கும். பிஸ்டன் ஓட்டையாகறது அப்படித் தான். வால்பாறை ஏறுறதுக்கு முன்னால கண்ணுல பட்டுச்சே, அது பெருசு.

மறுபடி மாட்டறது எப்படின்னு சொல்றேன், பட்டறைல விட்டாலும் பக்கத்துல நின்னு பாருங்க. என்ஜின் ஆறி இருக்கோணும். அலுமினிய ஹெட் சூடா இருக்கறப்ப பிளக்க முறுக்குனா மரை போயிரும். மொதல்ல குழிய காத்து அடிச்சு சுத்தம் பண்ணுங்க, மண்ணு சிலிண்டருக்குள்ள விழுகக் கூடாது. ஒரு துண்டு ரப்பர் ஹோஸ பிளக் தலைல சொருகி, அதால சுத்தி எறக்குங்க. மரை குறுக்கால ஏறுனா ஹோஸே வழுக்கிக் காட்டிக் குடுத்துரும். கையால எறங்குற வரைக்கும் எறக்கிட்டு பொறவு டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவுக்கு முறுக்கற ஸ்பேனர்). அலுமினிய ஹெட்ல 14 எம்எம் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரைக்கும், உங்க வண்டிக் கையேட்டுல இருக்கற எண்ணு தான் கடைசி வார்த்தை. டார்க் ரெஞ்ச் இல்லாத எடத்துல, புது வாஷரோட வர்ற பிளக்கு சீட்டு தொட்ட பொறவு அரைச் சுத்துலருந்து முக்காச் சுத்துக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும். ஏற்கெனவே வாஷர் நசுங்குன பிளக்க அப்படி முறுக்காதீங்க, அதுக்கு ஒரு சின்ன இழுப்பு போதும்.

மரைல கிரீஸோ ஆன்டி சீஸோ (மரை இறுகிக்காம இருக்கத் தடவற பசை) தடவ வேண்டாம். பூச்சு போட்டு வர்ற பிளக்குக்கு அது தேவையில்லைன்னு பிளக் கம்பெனி என்ஜிகேயே சொல்லுது. வழுவழுப்புல டார்க் ரெஞ்ச் சரியான எண்ணக் காட்டும், உள்ள மரை அதிகமா இழுபட்டுருக்கும்.

வாங்க வேண்டியது ஒரு பிளக், ஒரு காயில். அவ்வளவு தான். கரி பட்ட ரப்பர தொடச்சுட்டு புது பிளக் மேல மாட்டலாம்னு தோணும். மாட்டாதீங்க, அந்தக் கோடு புது பீங்கான்லயும் வழி போட்டுரும்.

#15 கரூர்_ஆக்சில்

ஒரு பிளக் மட்டும் புதுசாப் போட்டா மத்த மூணோட ஒத்துப் போகுமாங்க? செட்டா மாத்தறது தானே வழக்கம்?

#16 வால்வு_சத்தம்

மற்ற மூன்றும் இப்போதுதான் மாட்டியவை, தேய்மானமே இல்லை. அதே நிறுவனம், அதே எண் கொண்ட பிளக்காக இருந்தால் போதும். நாலாவதை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்: நுனி வெளுத்தோ கொப்புளித்தோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். கறுப்புக் கரி மரையில் மட்டும் இருந்தால் துடைத்து மாட்டலாம்.

ஐடில் நடுக்கம் இதனால் போகாது என்பதை மறக்க வேண்டாம். ஐடிலில் 19, 2,500ல் 4 என்பது காற்றுக் கசிவுதான். பிட்டர் ஐயா ஆரம்பத்தில் சொன்ன முதல் பாதி இன்னும் பாக்கி.

#17 நாமக்கல்_பாடிபில்டர்

கசிவு பாக்கறதுக்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே இருக்குதுங்க. ஓடறப்ப ஹோஸ் மேல அடிச்சா எங்க ஆர்பிஎம் மாறுதோ அங்க ஓட்டை.

#18 பீளமேட்டு_பிட்டர்

வழி வேலை செய்யும், ஆனா டர்போ வண்டில எனக்குச் சம்மதமில்லை. டர்போவும் மேனிஃபோல்டும் செவக்கற சூட்டுல இருக்கற எடத்துல பத்திக்கற ஸ்பிரேய அடிக்கச் சொல்லி வீட்டு வாசல்ல நிக்கற ஒருத்தருக்கு நான் சொல்ல மாட்டேன். கோயமுத்தூர்லயே புகை டெஸ்ட் மிசின் வெச்சுருக்கற எடம் இருக்குது. இன்டேக்குக்குள்ள லேசான அழுத்தத்துல புகைய விடுவாங்க, ஓட்டை எங்கயோ அங்க புகை வரும். என்ஜின் ஓட வேண்டியதே இல்லை.

அதுக்குப் போறதுக்கு முன்னால கண்ணால ஒரு தடவை: காயில எடுக்க வசதியா எந்த ஹோஸ ஒதுக்கி விட்டாங்களோ அத முச்சூடும் தடவிப் பாருங்க. மேனிஃபோல்டுக்குப் போற சன்னக் கொழாய்க, ஆயில் மூச்சுக் கொழாய், அதுங்களோட பிளாஸ்டிக் கிளிப்பு. பத்து வருசம் சூட்டுல வெந்த பிளாஸ்டிக் வளைச்சாத் தான் வாயப் பொளக்கும், சும்மாப் பாத்தா முழுசா இருக்கற மாதிரியே தெரியும். ஐடில்ல ஓடறப்ப ஆயில் மூடியத் தொறந்து பாருங்க. தூக்கவே முடியாம இழுத்துப் பிடிச்சு, விசில் சத்தம் வந்தா பிசிவி வால்வு (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்கு விடறது) போச்சு, அது தனிக் கதை.

#19 நொய்யல்கரை

ஆயில் மூடி சாதாரணமா வந்துருச்சுங்க, விசில் இல்லை.

ஹோஸ் கெடச்சுருச்சு. காயில்களுக்குப் பின்னால மேனிஃபோல்டுக்குப் போற சின்னக் கொழாய், முனைல பிளாஸ்டிக் கிளிப்பு. வெறும் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. விரல் வெச்சு மேல நெம்புனேன், அடிப் பக்கம் கால் அங்குலத்துக்கு வாயத் தொறந்துச்சு. உறுதிப்படுத்திக்கலாம்னு புகை டெஸ்ட்டுக்கும் கட்டி இழுத்துட்டுப் போனேன். அதே எடத்துல தான் புகை வந்துச்சு, வேற எங்கயும் இல்லை.

பிளக்கயும் ஹோஸயும் காயிலயும் எடுத்துட்டுப் போய் பழைய பட்டறைல காட்டுனேன். மொதல்ல ஒத்துக்கலை. பீங்கான்ல இருக்கற கோட்டயும் ரப்பர்ல இருக்கற கோட்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுன பொறவு பார்ட்டுக்கான காசக் குடுத்துட்டாங்க. மாட்டறது மட்டும் வேற எடத்துல, நான் பக்கத்துலயே நின்னு.

#20 நாமக்கல்_பாடிபில்டர்

அந்த ஹோஸ் வெடிச்சதுக்கு எத்தனால் காரணமா இருக்குமான்னு ஒரு கேள்வி. பழைய வண்டி ரப்பருக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

#21 பீளமேட்டு_பிட்டர்

எத்தனால் பழைய ரப்பரச் சிலத ஊத வெக்கும், மெதுவாக்கும், அது உண்மை தான். இ20க்குன்னு வராத வண்டி வெச்சுருக்கறவங்க பெட்ரோல் லைன் ஹோஸ வருசத்துக்கொருக்கா தொட்டுப் பாக்கறது நல்லது. இது அப்படி இல்லைங்க. இங்க பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆகி ஒடிஞ்சுருக்குது. சூடும் வயசும் பண்ணுன வேலை, மேல ஒரு கை இழுத்துருக்குது.

#22 நொய்யல்கரை

வேலை முடிஞ்சுதுங்க. புது பிளக் ஒண்ணு, காயில் ஒண்ணு, ஹோஸ் கிளிப்போட. நாலாவது பிளக் நுனி நல்லா இருந்துச்சு, அதயே டார்க் வெச்சு மாட்டியாச்சு. கையேட்டு அளவுக்கு நாலையும் செக் பண்ணச் சொன்னேன்.

ஐடில் டிரிம் கூட்டல் 3. சீட்டுல நடுக்கம் சுத்தமா இல்லை. அதே மேம்பாலத்துல அதே மூணாவது கியர்ல 5,000 வரைக்கும் இழுத்துப் பாத்தேன், மிஸ்ஃபயர் எண்ணிக்கை நாலு சிலிண்டர்லயும் பூஜ்யம். கன்வெர்ட்டர் பத்தித் தான் மனசுக்குள்ள பயம் இருந்துச்சு. ஸ்கேனர்ல எல்லா மானிட்டரும் (வண்டி தானாப் பண்ணிக்கற சோதனை) முடிஞ்சுருச்சுன்னு காட்டுது, கன்வெர்ட்டர் செரியில்லைன்னு சொல்ற பி0420 வரலை. பிட்டர் ஐயா அன்னைக்கே நிறுத்தச் சொல்லலைன்னா நான் அந்த 200 கிலோமீட்டர ஓட்டியிருப்பேனுங்க. அம்மணிக்கும் ஐயாவுக்கும் நெம்ப நன்றி.

#23 செட்டிபாளையம்_லேப்

இழை முடியறதுக்குள்ள ஒரு கேள்வி. இதே டிஎஃப்எஸ்ஐ என்ஜின், ஈசியூ ரீமேப் பண்ணி (புரோகிராம மாத்தி) பூஸ்ட் ஏத்தியிருக்கறேன். கரி ஸ்பீட்வேல டிராக் டே ஓட்டறப்ப ஒரு படி குளிர் பிளக் (நுனி சூட்ட வேகமா எறக்கறது) போடலாமா? தெனமும் ஆபீசுக்கும் அதே வண்டி தான்.

#24 வால்வு_சத்தம்

பூஸ்ட் ஏற்றியிருந்தால் ஒரு படி குளிர் பிளக் சரியான யோசனை. நுனி 800 டிகிரிக்கு மேல் போய்த் தானாகப் பற்றவைக்காமல் காக்கும். ஆனால் நுனி சுமார் 450 டிகிரியாவது எட்டினால்தான் மேலே படியும் கரி எரிந்து சுத்தமாகும். காந்திபுரம் சிக்னல் நெரிசலில் தினமும் ஊர்ந்தால் குளிர் பிளக்கில் கரி சேரும். அதனால் ஒரு படிக்கு மேல் போக வேண்டாம்.

வாங்கும்போது எண்ணில் ஏமாந்துவிடாதீர்கள். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் குளிர். போஷில் எண் கூடினால் சூடு. என்ஜிகே 7 போட்டிருந்தால் 8 என்பது ஒரு படி குளிர். இடைவெளியையும் ரீமேப் செய்தவரிடம் கேட்டு, தேவைப்பட்டால் 0.7க்குக் குறையுங்கள். பூஸ்ட் கூடினால் பொறிக்குத் தேவையான வோல்டும் கூடும், மேலே சொன்ன அதே காரணம்தான்.

#25 பீளமேட்டு_பிட்டர்

டிராக்குக்கு ஏத்தறதுக்கு முன்னால நாலு காயில் ரப்பரையும் டார்ச் அடிச்சு உள்ள பாத்துருங்க தம்பி. கோடு இருந்தா அங்கயே தெரிஞ்சுரும்.